நோயுற்றவரின் உரிமை: இஸ்லாமிய மரபில் செவிலியப் பணி

 நோயுற்றவரைப் பராமரிக்கும் பணியை இஸ்லாமிய மரபு எவ்வாறு நோக்குகிறது என்பது இம்மாலைப் பொழுதின் பொருள். இப்பொருளைப் பேச எழுவோர் பலர் கருணை, இரக்கம், அன்பு என்னும் சொற்களில் தொடங்கி அவற்றிலேயே முடித்துவிடுவதுண்டு. அச்சொற்கள் எந்தச் சமயத்துக்கும் பொருந்துவன, எந்த மேடைக்கும் பொருந்துவன. நோயுற்றவருக்கு உரிமை உண்டு என்றும், அந்த உரிமையை நிறைவேற்ற இரக்கத்தோடு அறிவும் வேண்டும் என்றும் இஸ்லாமிய மரபு சொல்லியிருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதை விரித்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டியவை எவை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன நபிமொழி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. சலாமுக்குப் பதில் உரைப்பது, அழைப்பை ஏற்பது, தும்மியவருக்காக இறையருள் வேண்டுவது, ஜனாஸாவை, அதாவது இறுதி ஊர்வலத்தை, பின்தொடர்வது ஆகியவற்றோடு நோயாளியைச் சென்று பார்ப்பதும் அவ்வரிசையில் வருகிறது. இவை யாவும் செய்பவரின் பெருந்தன்மையாக அங்கே பேசப்படவில்லை. பெறுபவரின் உரிமையாகப் பேசப்படுகின்றன. தர்மம் என்று வந்துவிட்டால் கொடுப்பவர் தமக்கு நேரமிருக்கும்போது கொடுக்கலாம், வாங்குபவர் கைகூப்பி நிற்க வேண்டும். உரிமை என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. பொதுப்பிரிவின் கடைசிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் கேட்கும் முதியவர் யாரிடமும் யாசிக்கவில்லை. தமக்கு உரியதைக் கேட்கிறார்.

அந்த உரிமை எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஒரு குத்ஸி நபிமொழி, அதாவது இறைவனின் கூற்றாக நபிகளார் எடுத்துரைத்த செய்தி, அதற்கு விடை சொல்கிறது. தான் நோயுற்றிருந்தபோது ஏன் வந்து பார்க்கவில்லை என்று மறுமை நாளில் இறைவன் மனிதனைக் கேட்பான் என்றும், அகிலங்களின் அதிபதிக்கு நோய் ஏது என்று மனிதன் திகைக்கும்போது, இன்ன அடியான் நோயுற்றிருந்ததையும் அவனிடம் சென்றிருந்தால் அங்கே தன்னைக் கண்டிருக்கலாம் என்பதையும் இறைவன் உணர்த்துவான் என்றும் அது கூறுகிறது. பசித்தவனுக்கும் தாகித்தவனுக்கும் இதே நபிமொழியில் இடமுண்டு. ஆயினும் அவ்விருவருக்கும் முன்பாக நோயாளியே பேசப்படுகிறான்.

இந்த உரிமை முஸ்லிம்களுக்கு மட்டுமானதா என்று கேட்பவர் இருக்கலாம். நபிகளாருக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் ஒருவன் நோயில் விழுந்தபோது அவர் அவனுடைய வீட்டுக்கே சென்று தலைமாட்டில் அமர்ந்தார் என்பதை புகாரி பதிவு செய்திருக்கிறது. ஆதமின் மக்கள் அனைவரையும் இறைவன் கண்ணியப்படுத்தியிருப்பதாகக் குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் அறிவிக்கும்போதும் அங்கே சமய வேறுபாடு எதுவும் குறிக்கப்படவில்லை.

இனி நபிகளார் வாழ்ந்த மதீனாவுக்குச் செல்வோம். இஸ்லாமிய மரபில் செவிலியம் என்றவுடன் முதலில் எழும் பெயர் அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா அவர்களுடையது. 627ஆம் ஆண்டு நடந்த அகழ்ப்போரில் அன்சாரித் தலைவர் சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்து குருதிநாளம் அறுபட்டது. பள்ளிவாசலில் அமைந்திருந்த ருஃபைதாவின் கூடாரத்தில் அவரைச் சேர்க்குமாறு நபிகளார் பணித்தார்கள். அருகிலேயே இருந்தால் அடிக்கடி சென்று பார்க்க இயலும் என்பதே அதற்குக் காரணம். காயமுற்றோருக்கு மருந்திட்டு, கவனிப்பாரற்ற முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதை இறைவனின் நற்கூலிக்காக மேற்கொண்டிருந்த பெண்மணி என்று தொடக்க கால வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் அவரைக் குறிப்பிடுகிறார். உறுதியாகத் தெரிவது ஏறத்தாழ இவ்வளவே. அவர் செவிலியர் படையொன்றை அமைத்தார், ஒழுக்க விதிகளை இயற்றினார் என்று இக்காலத்துக் கட்டுரைகளில் காணப்படும் விவரங்களில் பெரும்பகுதி பிற்கால மெருகு. மெருகு தேவையே இல்லை. தொழுகை நடக்கும் வளாகத்திலேயே நோயாளிக்குக் கூடாரம் இருந்தது. அதன் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. சமூகத்தின் தலைவர் அங்கே சென்று நோயாளியைப் பார்த்தார். இந்த மூன்று செய்திகளே ஒரு முழுப் பாடத்திட்டத்துக்குப் போதுமானவை.

ருஃபைதா தனித்து நிற்பவரும் அல்லர். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் ஏழு படையெடுப்புகளில் உடன்சென்று, வீரர்களின் உடைமைகளைக் காத்து, உணவு சமைத்து, காயமுற்றோருக்கு மருந்திட்டு, நோயுற்றோரைக் கவனித்ததாக அவரே அறிவித்திருக்கிறார். ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் தண்ணீர் வழங்கியதையும், காயமுற்றோரையும் கொல்லப்பட்டோரையும் மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் எடுத்துரைத்திருக்கிறார். உஹதுப் போரில் நபிகளாரின் முகம் காயமுற்றபோது, அவர்களின் மகளார் ஃபாத்திமா (ரலி) காயத்தைக் கழுவினார். நீர் ஊற்ற ஊற்றக் குருதி பெருகுவதைக் கண்டு, பாயின் ஒரு துண்டை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்திக் குருதியை நிறுத்தினார். கழுவினார், கவனித்தார், பலனில்லை என்று கண்டார், உடனே முறையை மாற்றினார். இன்றைய செவிலியப் பாடநூல் மதிப்பீடு என்றும் மறுமதிப்பீடு என்றும் பெயரிட்டுக் கற்பிப்பது இதனைத்தானே?

இங்கே ஒரு வினா எழாமல் இருக்காது: அந்நிய ஆணைப் பெண்ணும் அந்நியப் பெண்ணை ஆணும் தொட்டுப் பராமரிக்கலாமா? இவ்வினா புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் தம் தொகுப்பை உருவாக்கிய இமாம் புகாரி, ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்யலாமா என்று கேள்வி வடிவிலேயே ஒரு தலைப்பை இட்டு, அதன்கீழ் ருபய்யிஃ அவர்களின் அறிவிப்பை வைத்தார். கேள்வியையும் கேட்டு, விடையாக ஒரு பெண்ணின் செயலையே வைத்த அந்த அமைப்பு கவனத்துக்குரியது. ஒரே பாலினத்தவர் கிடைக்கும்போது அவரே முன்னுரிமை பெறுவார், கிடைக்காதபோது தேவை தடையை நீக்கும், அந்த அனுமதியும் தேவையின் அளவோடு நிற்கும் என்பது சட்ட அறிஞர்களின் பொதுவான நெறி. நடைமுறையில் இதன் பொருள் எளிது. சிறுநீர்க்குழாய் பொருத்தப் பெண் செவிலியர் பணியில் இருந்தால் பெண் நோயாளிக்கு அவரை அனுப்புவது. இல்லையென்றால் திரையை இழுத்துவிட்டு, தேவையான பகுதியை மட்டும் விலக்கி, செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிச் செய்வது. மாரடைப்பால் துடிப்பு நின்றவரின் மார்பை அழுத்த யாருக்கும் எந்த அனுமதியும் தேவையில்லை.

அடுத்து, இப்பொருளின் மையத்துக்கே வரவேண்டியிருக்கிறது. அபூதாவூத் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பயணத்தில் இருந்த ஒரு குழுவில் ஒருவருடைய தலை கல்லால் அடிபட்டுப் பிளந்தது. அந்நிலையில் அவருக்குச் சமயத் தூய்மைக்கான குளிப்பு கடமையாயிற்று. தண்ணீரைத் தவிர்த்து, தயம்மும் செய்துகொள்ளலாமா, அதாவது தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவித் தூய்மை பெற்றுக்கொள்ளலாமா என்று அவர் தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அதற்கு வழியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது, காயம்பட்டவரைத் தோழர்களே கொன்றுவிட்டதாக நபிகளார் கடுமையாகக் கடிந்துகொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்று வினவினார்கள்.

அவையோர் இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று நோக்க வேண்டும். அந்தத் தோழர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை. இறைபக்தி இல்லாதவர்களா? அதுவும் இல்லை. பக்தி இருந்தது, நல்லெண்ணம் இருந்தது, காயம்பட்டவர் மீது அன்பும் இருந்திருக்கும். அறிவு மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் ஓர் உயிர் போயிற்று. நோயாளிக்குத் தீங்கு செய்வது எப்போதும் கொடுமையால் மட்டும் நிகழ்வதில்லை. நிச்சயமாகத் தெரியாத ஒன்றை நிச்சயமாகச் சொல்வதாலும் நிகழ்கிறது.

அத்தோழர்கள் அறியாதது இதுதான்: இஸ்லாமியச் சட்டத்தில் ருக்ஸத் எனப்படும் ஒரு பகுதி உண்டு. இயலாதவருக்காகக் கடமையை இலகுவாக்கித் தரும் சலுகை என்று அதனை விளக்கலாம். நோயாளி நோன்பை ஒத்திவைத்து வேறு நாட்களில் நோற்கலாம் என்பது குர்ஆனின் அல்பகறா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் தரும் சலுகை. மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்து தொழவும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும் நபிகளார் கூறியது புகாரியில் உள்ளது. சிறுநீர் கட்டுப்பாடின்றி வெளியேறுபவருக்கும் இடையறாக் குருதிப்போக்கு உள்ளவருக்கும் சட்ட நூல்கள் தனி விதிகளை வகுத்துள்ளன. சிறுநீர்க்குழாய் பொருத்தியவருக்கும், வயிற்றில் திறப்பு வைத்து மலப்பை கட்டியவருக்கும் இக்கால அறிஞர்கள் அவ்விதிகளையே பொருத்துகின்றனர். பை மாட்டிக்கொண்டு தொழ முடியாது என்று தாமாகவே முடிவுகட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மனம் குமைந்திருக்கும் நோயாளிக்கு, இத்தகைய விதி உண்டென்றும் தம் ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு செவிலியர் சொல்வாரானால், அது எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படாத சிகிச்சை.

சலுகை இருந்தும் மக்கள் அதனை எடுத்துக்கொள்கிறார்களா? 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்டு 2004இல் வெளியான எபிடியார் ஆய்வில், முதல் வகை நோயாளிகளில் 43 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையினரில் 79 விழுக்காட்டினரும் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். கடுமையான தாழ்சர்க்கரை நிலை ரமளானில் முதல் வகையினருக்கு 4.7 மடங்காகவும் இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்காகவும் உயர்ந்ததை அதே ஆய்வு காட்டியது. நோன்பு வைக்கவே கூடாது என்று அதட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குச் செல்லும் செவிலியரிடம் நோயாளி தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் விடியலுக்கு முன் சஹர் உணவு உண்டு நோன்பு வைப்பார். அதனை யாரிடமும் சொல்லமாட்டார். ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே பேச்சைத் தொடங்கி, மாத்திரையையும் இன்சுலினையும் மருத்துவரின் ஆலோசனையோடு நோன்பு திறக்கும் நேரத்துக்கும் சஹர் நேரத்துக்கும் மாற்றியமைத்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று அறிஞர்கள் கூறியிருப்பதைத் தெரிவித்து, மயக்கமோ நடுக்கமோ வந்தால் நோன்பை உடனே முறித்துக்கொள்வது மார்க்கத்துக்கு எதிரானதன்று என்பதை உணர்த்துவதே பயன்தரும் வழி.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் உரிய நுட்பம் ஒன்று உண்டு. அது பாடநூல்களில் காணக் கிடைப்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபி சட்டப்பள்ளியினர் மிகுதி. தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபியினர் மிகுதி. அந்நிய ஆண், பெண் தோல்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் தொழுகைக்காக நீரால் செய்த ஒளு என்னும் தூய்மை முறியும் என்பது ஷாஃபிகளின் நிலைப்பாடு, ஹனஃபிகளுக்கு அப்படியில்லை. ஒளு செய்துவிட்டுத் தொழுகைக்குக் காத்திருக்கும் ஷாஃபி முதியவரின் மணிக்கட்டை நாடி பார்ப்பதற்காகச் செவிலியர் பற்றும்போது அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், அது அவமதிப்பு ஆகாது. சொட்டுநீர் ஏற்றும் கையோடு இன்னொரு முறை ஒளு செய்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதை எண்ணினால் போதும். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஒளுவுக்கு முன்பே பார்த்துவிடலாம், அல்லது கையுறை அணிந்து பார்க்கலாம்.

பராமரிப்பு தனிமனிதரின் நற்குணத்தோடு நின்றுவிட்டால் அவரோடு அது மறைந்துவிடும். அதனை நிறுவனமாக்கியது இஸ்லாமிய நாகரிகத்தின் பெருஞ்சாதனை. டமாஸ்கஸில் 1154இல் எழுந்த நூரி மருத்துவமனையின் மருந்துகளால் தம் வயிற்றுவலி தீர்ந்த தளபதி கலாவூன், தாம் அரியணை ஏறினால் இதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், எகிப்தின் சுல்தானாகி 1284இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனையைக் கட்டினார் என்றும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். நாடாண்ட ஒருவர் தாம் நோயாளியாக இருந்ததை மறக்காததால் எழுந்த கட்டிடம் அது. அதன் செலவுக்கென வக்ஃப், அதாவது இறைவழியில் நிலையாக ஒதுக்கப்பட்ட அறக்கொடைச் சொத்து, எழுதிவைக்கப்பட்டது. செல்வர், வறியவர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆவணம் விதித்தது. அதோடு நிற்கவில்லை, நோயாளிக்குத் தனிப் பாத்திரம் வேண்டும், உணவு மூடியே கொண்டுவரப்பட வேண்டும், வெயில் காலத்தில் விசிறிக்கொள்ளப் பனையோலை விசிறி தரப்பட வேண்டும் என்பது வரை அது இறங்கிச் சென்றது. விசிறிக்கும் சேர்த்து நிதி ஒதுக்கிய ஆவணம்! இன்றைய மருத்துவமனை வரவுசெலவுத் திட்டங்களில் இத்தகைய வரியொன்றைத் தேடிப் பார்க்கலாம்.

உயிர் பிரிந்த பின்பும் செவிலியரின் கடமை முடிவதில்லை. ஏழு படையெடுப்புகளில் காயங்களுக்கு மருந்திட்ட அதே உம்மு அத்திய்யாதான், நபிகளாரின் மற்றொரு மகளார் மறைந்தபோது அவருடைய உடலைக் குளிப்பாட்டினார். இலந்தை இலை கலந்த நீரால், வலப்புறத்திலிருந்து தொடங்கி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழுவி, இறுதியில் கற்பூரம் சேர்க்க வேண்டும் என்ற முறை அவர் வழியாகவே சமூகத்துக்குக் கிடைத்தது. மரணத் தறுவாயில் இருப்பவரைக் கிப்லா நோக்கி, அதாவது தமிழ்நாட்டில் சற்றே வடக்குச் சாய்ந்த மேற்குத் திசை நோக்கி, உடல்நிலை இடங்கொடுத்தால் திருப்பிவிடுவதும், உறவினர் மெல்லக் கலிமா என்னும் இஸ்லாமிய நம்பிக்கை வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க இடம்விடுவதும், உயிர் பிரிந்ததும் கண்களை மூடி உடலை மறைத்து, தாமதமின்றிக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க ஆவன செய்வதும் எந்தச் சமயத்துச் செவிலியரும் செய்யக்கூடியவை. அடக்கம் செய்யப்படும் உரிமை மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை இலங்கை கண்டது. கொவிட் நோயால் இறந்தோர் அனைவரும் எரியூட்டப்பட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அங்கே விதி செய்யப்பட்டது. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அனுமதித்திருந்தும், 2021 பிப்ரவரி இறுதி வரை அவ்விதி நீக்கப்படவில்லை. அதற்காக மன்னிப்புக் கோர அரசின் அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்.

இப்போது ஒரு கசப்பான செய்திக்கும் வரவேண்டும். டெல்லி ஜாமிஆ ஹம்தர்தின் செவிலியர் கல்லூரி ருஃபைதாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது; பஹ்ரைனில் சிறந்த செவிலிய மாணவருக்கு அவர் பெயரால் பரிசு வழங்கப்படுகிறது. ஆனால் அப்பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் குடும்பங்களில் எத்தனை, தம் மகள் செவிலியர் படிப்பில் சேர விரும்பினால் மகிழ்ந்து அனுப்புகின்றன? இரவுப்பணி, அந்நிய ஆண்கள், திருமணச் சந்தையில் குறையும் மதிப்பு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார். சிலர் செய்தால் அனைவரின் பொறுப்பும் நீங்கும், எவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் கடமை அது. தம் காலத்து ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, அனைவரும் சட்டக் கல்விக்கே முண்டியடிப்பதை அவர் மனம் நொந்து எழுதினார். செவிலியத்துக்கு அந்த நோதல் இன்றும் அப்படியே பொருந்துகிறது. வளைகுடா நாடுகளின் மருத்துவமனைகளை இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் சென்ற செவிலியரே பெருமளவில் தாங்கிநிற்கின்றனர். அவர்களில் மிகப் பலர் முஸ்லிம் அல்லாதவர்கள்.

அவர்கள் செய்யும் பணி மார்க்கத்துக்கு அந்நியமானது என்று எவரும் கருதத் தேவையில்லை. தேவையானது நம்பிக்கையைப் பகிர்வதன்று, நோயாளியின் நம்பிக்கையை அறிந்திருப்பதே. சவூதி அரேபியாவில் பணியாற்றிய ஆஸ்திரேலியச் செவிலியர் சாண்ட்ரா லவ்ரிங், அரபு முஸ்லிம் செவிலியர் பராமரிப்பை எவ்வாறு உணர்கின்றனர் என்பதை ஆராய்ந்து 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வேட்டை அளித்து, பிறைப் பராமரிப்பு என்னும் மாதிரியை உருவாக்கினார். நோயாளியும் அவருடைய குடும்பமும் நடுவில் இருக்க, ஆன்மிகம், பண்பாடு, மனநலம், மனித உறவு, மருத்துவ நுட்பம் ஆகிய பராமரிப்புகள் அவர்களைச் சூழ்ந்து நிற்பது அதன் அமைப்பு. கோட்பாட்டின் மொழி புதிது. மதீனாவின் கூடாரத்தில் அதன் உள்ளடக்கம் இருந்தது.

கோட்பாட்டை வார்டுக்குக் கொண்டுவர ஒரு தாள் போதும். பல மருத்துவமனைகளின் சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டம் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது. அதில் முஸ்லிம் என்று நிரப்பியதோடு பேனா மூடப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டத்துக்குக் கீழே, நோயாளி படுக்கையில் தொழ விரும்புகிறாரா, ஒளுவுக்குத் தண்ணீர் படலாமா அல்லது தயம்முமுக்கு ஏற்பாடு வேண்டுமா, ரமளானில் நோன்பு வைக்க எண்ணியிருக்கிறாரா, பன்றியிலிருந்து பெறப்படும் ஹெப்பாரின் போன்ற மருந்து தேவைப்பட்டால் அதனை அவரிடமும் குடும்பத்தாரிடமும் முன்கூட்டியே சொல்ல யார் பொறுப்பு, உடற்பராமரிப்பை எந்தப் பாலினத்தவர் செய்வதை விரும்புகிறார், நிலைமை கைமீறினால் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்னும் கேள்விகளைச் சேர்ப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் அதிகாரம் படிவத்தைக் கையில் வைத்திருக்கும் செவிலியருக்கு இன்றே இருக்கிறது.